கிரீம் மேல் போட்ட பழி

எனக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள். சுருட்டி வைத்த துண்டு அளவுதான் இருக்கிறாள், அதற்குள் வீட்டையே தலைகீழாக்கிவிட்டாள். எதிரில் வருகிறவரையெல்லாம் நிறுத்தி அவள் பெருமையைப் பேசுகிறேன் என்று என் வீட்டுக்காரி திட்டுகிறாள். ஆனால் இது பேத்தியைப் பற்றியது இல்லை. அவள் பெயரை கேக்கில் எழுதப்போன என் மச்சினனைப் பற்றியது.

என் மனைவியின் தம்பி அவன். கேக் கடையில் பெயர் எழுதுகிற வேலை. காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி, கிரீமை அடைத்து, நுனியைத் துளி வெட்டி, மூச்சை அடக்கிக்கொண்டு எழுதுவான். கடையில் அவனுக்குப் பெயரே கூம்பு.

"என் எழுத்தைத் தின்னாதவன் இந்தத் தெருவுல இல்ல அத்தான்" என்பான்.

சில வருஷங்களுக்கு முன்னால் முதலாளி கடை ஆட்களுக்கெல்லாம் ரத்தப் பரிசோதனை வைத்தார். வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள்.

"ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்று ரத்தம் எடுக்கிற பெண் கேட்டாள்.

"பச்சத் தண்ணி கூட பல்லுல படலம்மா."

அவன் பொய் சொல்லவில்லை. அன்று காலையில் அடித்த கிரீம் சட்டி ஒவ்வொன்றிலும் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்திருந்தான். கேக் கடை ஆட்களுக்கு ருசி பார்ப்பது சாப்பாட்டுக் கணக்கிலேயே வராது.

முடிவு கேட்கப் போனபோது நானும் கூடப் போனேன். சர்க்கரை கூடுதலாக இருக்கிறது என்றார் டாக்டரம்மா. இவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஐயையோ, கிரீமை நக்கிட்டு வந்தேனே!"

அந்தம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் சிரிப்பை நிறுத்திக்கொண்டு சொன்னார். "சரி, அந்தச் சர்க்கரைய விட்ருவோம். ஆனா இன்னொண்ணு பார்த்திருக்கோம், மூணு மாசச் சராசரி. அது ஒரு நாள் கிரீமால ஏறாது. ரத்தத்துல கொழுப்பும் அதே பக்கம்தான் கை காட்டுது. உங்களுக்கு இன்னும் நோய் வரல. வர்ற வழியில இருக்கு. இப்பவே நடந்து, வாயைக் கட்டினா தள்ளிப் போடலாம். வராமலே கூடப் போகலாம்."

"வராத விருந்தாளிக்கு இப்பவே பாய் விரிக்கணுமா டாக்டர்?"

கடைக்கு வந்து, தன் ரத்தத்தில் கிரீம் ஓடுகிறதாம் என்று எல்லோரையும் சிரிக்க வைத்தான். மூணு மாசச் சராசரியும் அந்தச் சிரிப்போடு போய்விட்டது. கிரீம் மேல் பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தான்.

விருந்தாளி வந்தே விட்டான். முதலில் அடங்காத தாகம், பிறகு ஆறாத கால் புண். மாத்திரையை ஞாபகம் வந்தால் போடுவான். ஒருநாள், "கண்ணுக்குள்ள கறுப்பு நூல் மிதக்குது அத்தான்" என்றான். உள்ளே ரத்தம் கசிந்திருந்தது. லேசர் வைத்தும் ஒரு கண் போனது. மற்றதில் எல்லாமே கலங்கிய தண்ணீருக்கு அடியில் கிடப்பதுபோலத் தெரிந்தது.

கடையில் யாரிடமும் கண்ணைப் பற்றி மூச்சு விடவில்லை. கைப்பழக்கத்திலேயே எழுதி ஓட்டினான். எழுத்து கோணுகிறது என்று புகார் வந்ததும், இன்னொரு தடவை கோணினால் மேசையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்றார் முதலாளி. இருபது வயதிலிருந்து நின்ற மேசை அது. அவனுக்கு வேறு தொழில் தெரியாது.

பேத்திக்காக நான் கேக் சொல்லப் போனேன்.

"என் அக்கா பேத்தி. நான்தான் எழுதுவேன்" என்று கூம்பை எடுத்தான்.

முதலாளி பக்கத்தில் வந்து நின்றார். நீளமான பெயர். மூக்கு நுனியில் கிரீம் ஒட்டுகிற அளவுக்குக் குனிந்தான். முதல் இரண்டு எழுத்து முத்துப்போல வந்தது. மூன்றாவதை இரண்டாவதின் மேலேயே எழுதினான். தெரியாமல் தொடர்ந்து எழுதி, பெயரை முடித்து, நிமிர்ந்தான்.

"எப்படி அத்தான்?"

முதலாளி அவன் கையிலிருந்து கூம்பை மெதுவாக வாங்கிக்கொண்டார். "போதும்ப்பா. நாளையிலேர்ந்து பில் போடுற இடத்துல உக்காரு."

"பில்லுல இருக்கறது மட்டும் எனக்குத் தெரிஞ்சிருமா மொதலாளி?"

யாரும் சிரிக்கவில்லை.

அந்த கேக்கையே வாங்கிக்கொண்டு, அவனைக் கைபிடித்து வீட்டுக்குக் கூட்டி வந்தேன். பேத்தியை அவன் மடியில் வைத்தோம். முகத்தை ஒட்டிக்கொண்டு பார்த்தான். யார் ஜாடை என்று என்னிடம் கேட்டான்.

பேச்சுவாக்கில் என் மகள் சொன்னாள். "எனக்கும் ரத்தம் எடுத்தாங்க மாமா. இப்ப நோய் இல்லையாம், சர்க்கரை லேசா ஏறியிருக்காம், பின்னாடி நோயா வரலாமாம்."

"புள்ள பெத்த ஒடம்பு, அப்படித்தான் காட்டும். தானா எறங்கிரும்" என்றாள் என் மனைவி.

மச்சினன் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினான். "எனக்குக் கிரீம், இவளுக்குப் புள்ளையா? நல்ல சாக்குக்கா" என்றவன், என் மகள் பக்கம் திரும்பினான். "நான் கிரீம் மேல பழி போட்டேன். நீ இந்தப் பச்சப் புள்ள மேல போடாத, கண்ணு."

கேக் பெட்டியை யாரும் திறக்கவில்லை. பேத்தி, கிரீம் வாசம் போகாத அவன் விரலைப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோனாள். அவன் வெடுக்கென்று விரலை உருவி, சட்டையில் அழுத்தி அழுத்தித் துடைத்துக்கொண்டான்.