சி என்று எழுதியவர்களின் அறை

2006, ஆவணி பிறந்த வாரம், வெள்ளிக்கிழமை. நண்பன் அதை வியாழன் என்பான். அன்று காலை செங்கல்பட்டுப் பேருந்து நிலையத்தில் பூக்காரம்மாவைச் சுற்றி வெள்ளிக்கிழமைக் கூட்டம் நின்றது. ஆகவே வெள்ளிதான்.

கல்லூரியில் எங்களோடு படித்தவர்கள் அதற்குள் பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் போய்விட்டிருந்தார்கள். மிஞ்சியது நாங்கள் இருவர். சிறுசேரியில் ஒரு மென்பொருள் நிறுவனம் இருவரையும் நேர்முகத்துக்கு அழைத்திருந்தது. இருவருக்கும் கிடைத்தால் ஒரே பேருந்தில் போய் வரலாம். ஒருவரும் ஊரை விட வேண்டாம். எனக்கு அந்த வேலையைவிட, அந்தப் பேருந்தில் பக்கத்து இருக்கையில் அவன் இருப்பதுதான் வேண்டியிருந்தது.

நேர்முகத்தில் எழுதவேண்டிய கணினி நிரலை ஜாவா, சி என எந்த மொழியில் எழுதுவது என்று நாங்களே தேர்ந்தெடுக்கலாமாம். கொளவாய் ஏரிக்கரையில் ஒரு வாரமாக இதே பேச்சு.

"ஜாவான்னு போடு மச்சான். ஊரே அதத்தான் கேக்குது. நீ இன்னான்னா இன்னும் சி-யக் கட்டிகினு அழுவுற."

"எனக்கு அதுதான்டா ஒழுங்கா வரும். ஜாவா மேலோட்டமா பார்த்ததுதான். அங்க போய்த் திணறுனா?"

"திணறுனா ரெண்டு பேரும் ஒண்ணா திணறலாம். துணைக்கு நான் கீறேன்ல?"

எங்கள் ஊர்க் கணினி மையத்தில் எல்லாரும் ஜாவா வகுப்புக்கு மாறிய பிறகும், மூலையிலிருந்த பழைய கணினியின் நீலத் திரை முன்னால் நான் மட்டும் சி எழுதிக்கொண்டிருந்தேன். அந்த மொழியை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. ஊர் நூலகத்துப் புத்தகம் ஒன்றுதான்.

சிறுசேரியில் வரவேற்பறையில் கொடுத்த தாளில் அவன் 'ஜாவா' என்று எழுதிவிட்டு என்னைப் பார்த்தான். நான் 'சி' என்று எழுதினேன். "போடாங்" என்று சிரித்தான். ஜாவாக்காரர்கள் பெரிய வரிசையாக மாடியேறினார்கள். என்னைக் கீழ்த்தளத்து அறை ஒன்றுக்குப் போகச் சொன்னார்கள். அங்கே வேறு யாரும் இல்லை.

கேள்வி கேட்க வந்தவர் நாற்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி. "நீ ஒரே ஆள்தானா?" என்றபடி உட்கார்ந்தார். ஒன்றோடொன்று கோத்த பட்டியலைப் பின்னிருந்து முன்னாகத் திருப்பும் நிரலைக் கேட்டார். ஜாவாவில் பாதி வேலையை மொழியே செய்துவிடும். சி-யில் ஒவ்வொரு கண்ணியையும் நாமே அவிழ்த்து, நாமே மாட்ட வேண்டும். மாட்டி முடித்து, கடைசி வரியாக 'கெட்ச்' என்று எழுதினேன்.

"இது எதுக்குப்பா?"

"யாராவது ஒரு கீயை அழுத்துற வரைக்கும் ஸ்கிரீன் அப்படியே நிக்கும், மேடம்."

எங்கள் பழைய கணினியில் அந்த வரி இல்லாவிட்டால் விடை வந்த வேகத்தில் மறைந்துவிடும். எல்லா நிரலுக்கும் அதுதான் முடிவு என்றே நினைத்திருந்தேன்.

"எங்க புரோகிராம் எல்லாம் தானா ஓடும். முன்னாடி ஒருத்தரும் உட்கார்ந்திருக்க மாட்டாங்க. யார் அழுத்துவா?"

அந்த வரியைக் கோடு போட்டு அடித்தேன். "மீதியெல்லாம் சரி" என்றார்.

மாலையில் பட்டியல் ஒட்டினார்கள். என் பெயர் இருந்தது. அவன் பெயர் இல்லை. திரும்பும் பேருந்தில் திருப்போரூர் தாண்டியதும் அவன்தான் ஆரம்பித்தான்.

"மேல கல்யாணப் பந்தி மாரி கூட்டம் மச்சான். நீ தனிப் பந்தில உக்காந்து துன்ட்ட."

"நானும் ஜாவான்னு போட்டிருக்கலாம்."

"போட்டா இன்னா ஆவும்? ரெண்டு பேரும் வூட்ல குந்திகினு இருந்திருப்போம்."

அது எனக்கு அவ்வளவு மோசமாகப் படவில்லை.

புரட்டாசி முடிவதற்குள் அவனும் பெங்களூர் போய்விட்டான். பழைய சி நிரல்களைப் பார்த்துக்கொள்வது என் வேலையாயிற்று. அந்தப் பிரிவில் இருந்த இன்னொருவரும் தீபாவளியோடு வேறு நிறுவனத்துக்குப் போனார். தளத்தின் கோடியில் என் மேசை மட்டும் தனியாக இருந்தது.

முதல் சம்பளத்தில் மாமல்லபுரம் கடற்கரைக்குப் போய் மீன் வறுவல் தின்பதாக ஏரிக்கரையில் பேசி வைத்திருந்தோம். சம்பளம் வந்த ஞாயிறு மாலை நான் மட்டும் போனேன். தட்டை வாங்கிக்கொண்டு மணலில் உட்கார்ந்தபோது கைப்பேசி அடித்தது. பெங்களூரிலிருந்து அவன்தான்.

"இன்னா மச்சான், ஒரே காத்து சத்தமா கீது?"

"மகாபலிபுரம். மீனு."

"அடப்பாவி, என்ன வுட்டுட்டா? யார் கூட போயிகீற?"

"ஆபீஸ் பசங்க."

"அப்படியா! எவன்கிட்டயாவது குடு, உன் வண்டவாளத்த சொல்றேன்."

"அலைல நிக்கிறாங்கடா" என்றேன். "வந்ததும் பேசச் சொல்றேன்."