புளியில் மினுக்கிய கோதுகள்

எங்கள் சாமித்தட்டில் ஊதுபத்தி குத்தி வைக்கும் இரும்புக் குழல் உண்மையில் தோட்டா செய்யும் சாமான். "சாமிக்கு முன்னால துவக்குச் சாமான் வைச்சிருக்கிற ஒரே பொம்பிளை நீர்தான்" என்று என் கணவர் பகிடி பண்ணுவார். பத்தி எரிந்து முடியும்வரை பார்த்துக்கொண்டு நிற்பேன். பிறகும் மனம் ஓரிடத்தில் இராது.

அது லிபெர்த்தாத் தெருவில் நான் வேலை செய்த வீட்டுச் சிஞ்ஞோருடையது; இத்தாலியனில் ஐயா என்பதற்கு அப்படித்தான். ஓய்வுபெற்ற வழக்கறிஞர், மனைவியை இழந்தவர். காட்டுப்பன்றி வேட்டைக்கான தோட்டாக்களை, உரிமத்தோடு, பின்னறையில் தானே செய்வார். சுட்டு முடிந்த பித்தளைக் கோதுகளை எறியாமல் இந்த அச்சுக்குள் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து மறுபடி நிரப்புவார். கோதுகள் உரசும் சத்தம் கேட்டாலே வேறு அறைக்குப் போய்விடுவேன். சண்டை ஓய்ந்த காலைகளில் ஊரில் எங்கள் முற்றத்திலிருந்து கூட்டித் தள்ளியதும் அதே கறுத்த பித்தளைதான். அந்த அறையைத் துடைக்கும்போது மட்டும் என் கை அவசரமாக ஓடும்.

கடைசி வருடம் அச்சின் உள்ளே கீறல் விழுந்துவிட்டது. எந்தப் புதிய அச்சை வாங்குவது என்று வாரக்கணக்கில் அவரால் முடிவெடுக்க முடியவில்லை. கம்ப்யூட்டரைத் திறப்பார், மூடுவார், எழுந்து நடப்பார். ஒருநாள் காப்பியை வைத்துவிட்டு நழுவப் பார்த்த என்னை நிறுத்தி விளக்கினார். சுடும்போது கோது உப்பி, அந்தத் துவக்கின் உள்வடிவத்தை அப்படியே எடுத்துக்கொள்ளும். கழுத்தை மட்டும் நெருக்கும் அச்சு என்றால் கோது நெடுநாள் உழைக்கும். ஆனால் சுட்ட துவக்குக்கு மட்டுமே உதவும். முழு உடலையும் நெருக்கும் அச்சு என்றால் அதே ரகத்தில் எந்தத் துவக்குக்கும் போகும். அவர் வாழ்நாள் முழுவதும் கழுத்து அச்சுக்காரர்.

"அப்ப, உங்கட மகன்ர துவக்குக்கும் போகுமோ?" என்று என் உடைந்த இத்தாலியனில் கேட்டுவிட்டேன்.

அவர் கம்ப்யூட்டரை மூடிவிட்டார். மலையடிவாரக் காணியை அவர் விற்றதில் கோபித்துக்கொண்டு வடக்கே போன மகன் பிறகு இந்த வாசலை மிதிக்கவில்லை. மகன் விட்டுப்போன கோதுகள் தனிப்பெட்டியில் கறுத்துக் கிடந்தன.

மினுக்கிவிட்டால் அவை முற்றத்துக் கோதுகள் போலத் தெரியாது என்று எனக்குத் தோன்றியது. வெள்ளிக்கிழமை விளக்குக்கென்று வைத்திருந்த பழப்புளியைக் கொண்டுபோய், இரண்டு பெட்டியையும் ஒரே பேசினில் கொட்டித் தேய்த்தேன்.

சிஞ்ஞோர் வந்து நின்றார். "இதில எது என்ர, எது அவன்ர?"

பேசின் முழுவதும் ஒரே தங்க நிறம். அந்த நாட்டில் தங்கும் அனுமதியான என் பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்க அந்த வீட்டு வேலை ஒப்பந்தம் ஒன்றுதான் இருந்தது. துணியை முறுக்கிக்கொண்டு நின்றேன். அவர் ஒரு கோதை எடுத்து மணந்து பார்த்தார்.

"புளியோ? நாங்கள் எலுமிச்சை எல்லோ போடுறது." வெகுநேரம் பேசினையே பார்த்திருந்துவிட்டு, "இனிப் பிரிக்க ஏலாது" என்றார். அன்றைக்கே முழு அச்சுக்கு ஓடர் கொடுத்தார்.

புதிய தோட்டாக்களில் பாதியை மகனின் பெட்டியில் அடுக்கினார். மகனோடு பேசவென்று தொலைபேசியை எடுப்பார், வைப்பார். அந்த மாரியில் இறந்துபோனார்.

வீட்டை ஒதுக்க வந்த மகன் புதிய அச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "முழு அச்சோ? அப்பாவோ வாங்கினவர்?"

என்னால் வந்த செலவென்று பயந்து பயந்து புளிக் கதையைச் சொன்னேன்.

"பிரிக்க ஏலாதெண்டு சொன்னவரோ? என்ர துவக்குக்குள்ள கொஞ்சம் அகலம் கூட, நீளம் குறைய. என்ர கோது அவற்ற துவக்கில இறுகும், அவற்ற கோது என்ரதில இறுகும். ஒவ்வொண்டாப் போட்டுப் பாத்தாலே தெரிஞ்சிடும். அப்பாவுக்குத் தெரியாததே அது?"

பிறகு தகப்பனின் கதிரையில் இருந்துவிட்டார். போகும்போது தன் தோட்டாப் பெட்டியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பழைய கழுத்து அச்சை என் கையில் தந்தார். "இது இனி எனக்கு வேண்டாம், சிஞ்ஞோரா."

நான் இப்போது வேறு வீட்டில் வேலை செய்கிறேன். போன வெள்ளிக்கிழமை விளக்கை மினுக்கிக்கொண்டிருந்தபோது கைபேசியில் அவரிடமிருந்து செய்தி வந்தது. பன்றி வேட்டைக்குப் போனாராம். "அப்பா செய்த தோட்டா என்ர துவக்குக்குள்ள இறுகாமல் போகுது" என்று எழுதியிருந்தார்.

அதைக் கேட்க வேண்டிய சிஞ்ஞோர் இல்லை. புளிக் கையைக் கழுவிவிட்டு, ஒரு பத்தியைக் கொளுத்தி, கீறல் விழுந்த அந்தக் குழலில் குத்தினேன்.