பெரியப்பாவின் பைப்பு வளையாது

இன்றைக்கும் பாத்ரூமில் யாராவது ஒரு வாளித் தண்ணீரை மொத்தமாகக் கவிழ்த்தால் என் காது அங்கேதான் இருக்கும். அடுப்பில் எது இருந்தாலும் விட்டுவிட்டு ஓடிப்போய்த் தரையிலிருக்கும் ஓட்டையைப் பார்ப்பேன். தண்ணீர் இறங்குகிறதா, ஏறுகிறதா? இறங்கிவிட்டது என்று தெரிந்த பிறகும் கொஞ்ச நேரம் நிற்பேன். வீட்டில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். பிளாஸ்டிக் மக்கைப் பிடித்து மொண்டு ஊற்றியவளுக்குத்தான் தெரியும்.

நான் ஐந்தாவது படித்த வருஷம். கொல்லிமலையில் எங்கள் வீடும் பெரியப்பா வீடும் ஒரே மேட்டில், நடுவே ஒரு சந்து விட்டு, அக்கம்பக்கமாக இருந்தன. அம்மா மாசமாக இருந்தாள். முந்தின மழைக்காலத்தில், மிளகுத் தோட்டத்துக்கு ஒதுங்கப் போனவள் பாறையில் வழுக்கி விழுந்து, வயிற்றிலிருந்ததை இழந்திருந்தாள். அதனால் இந்த முறை நர்சம்மா அப்பாவிடம் கறாராகச் சொல்லிவிட்டார். "மறுபடியும் தோட்டத்துக்கு அனுப்புனீங்கன்னா எங்கிட்ட வராதீங்க." அப்படித்தான் இரண்டு வீட்டுக்கும் கக்கூஸ், பாத்ரூம் என்று முடிவானது.

குழி ஒன்றுதான், கீழே பள்ளத்தில். இரண்டு வீட்டுப் பைப்பும் மண்ணுக்கடியில் வந்து சந்திலிருக்கும் ஒரு செங்கல் தொட்டியில் சேர வேண்டும். அங்கிருந்து ஒரே பைப்பாகக் குழிக்குப் போக வேண்டும். அந்தத் தொட்டியைக் கொத்தனார் சேம்பர் என்றார். அடைத்துக்கொண்டால் மூடியைத் திறந்து பார்க்கலாமாம். அவர் அடிவாரத்துக்காரர். அத்தனை கொண்டை ஊசி வளைவும் ஏறி பஸ்ஸில் வந்து, எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே வேலையைத் தொடங்குவார்.

"ஏனுங்க, அடியில பாறை. தண்ணி ஓடற வாட்டம் நாலு விரல்தான் கெடைக்குது. ரெண்டு பைப்புக்கும் பெண்டுன்னு வளைவுத் துண்டு போட்டு, குழிக்குப் போற பக்கமாத் திருப்பி, ஒரே மட்டத்துல வெச்சரலாமுங்க. ரெண்டும் எதிரெதிர்ல நேரா வந்தா தண்ணி மோதித் திரும்பிருமுங்க."

பெரியப்பா தொட்டியருகே குந்திப் பார்த்தார். எங்கள் வீடுகளில் மிளகுக் கொடியில் முதல் சரம் பறிப்பதிலிருந்து கோயிலில் திருநீறு வாங்குவது வரை அண்ணனுக்கு அப்புறம்தான் தம்பி. மண்ணுக்கடியில் மட்டும் அது மாறிவிடுமா?

"ஒரே மட்டமா? எனக்கும் அவனுக்குமா? என்னுது நாலு விரல் மேல வரட்டும். அப்புறம், எம்பட பைப்பு எதுக்கு வளையணும்? வளையறதுன்னா தம்பியுது வளையட்டும்."

"நாத்தத்துல என்னங்க அண்ணன் தம்பி?" என்றார் கொத்தனார். யாரும் சிரிக்கவில்லை. "அவரு பைப்பைத் தாழ வெச்சா வாட்டமே இருக்காதுங்க. உங்க ஊட்டுத் தண்ணி அங்க ஏறிருமுங்க."

"அண்ணன் சொல்றாப்லயே வெச்சிருங்க," என்றார் அப்பா.

எனக்கு அப்பாவின் மேல் வந்த முதல் கோபம் அதுதான்.

கொத்தனார் சொன்னதுதான் நடந்தது. காலை எட்டு மணிக்குப் பெரியப்பா குளிப்பார். எங்கள் பாத்ரூம் ஓட்டை கொளகொளவென்று பேசத் தொடங்கும். அவர் சோப்பு நுரை முதலில் வரும். நுரையோடு வந்ததை நான் எழுத வேண்டாம். அம்மா குனியக் கூடாது, அதனால் நான்தான் மக்கால் மொண்டு வாளியில் ஊற்றித் தூக்கிப்போய்க் கொட்டுவேன். பள்ளிக்கூடத்துக்குத் தினமும் தாமதம். "பைப்பு வந்துருச்சு டோய்!" என்று பையன்கள் மூக்கைப் பிடிப்பார்கள். எட்டாவதோடு நான் நின்றதற்கு வேறு காரணங்கள் உண்டு. ஆனால் கடைசி வரிசையில் உட்காரப் பழகியது அப்போதுதான்.

எங்கள் புதுக் கக்கூஸைப் பூட்டிவிட்டு, வாசலில் விறகு அடுக்கினோம். அம்மா பழையபடி மழையில் தோட்டத்துக்குப் போனாள். அவள் திரும்பி வரும்வரை நான் வாசலில் நின்று எண்ணிக்கொண்டிருப்பேன். நூறுக்குள் வந்துவிட வேண்டும். ஒருநாள் இருநூறு தாண்டியும் வரவில்லை. வந்தபோது இடுப்புக்குக் கீழே ஒரு பக்கம் முழுக்கச் செம்மண்.

"சும்மா உக்காந்துட்டேன் கண்ணு, விழுவுல," என்றாள். "அப்பாகிட்டச் சொல்லாத."

சொல்லவில்லை. கடப்பாரையை எடுத்துப்போய்ச் சேம்பர் மூடியை நெம்பினேன். முந்தின நாள் அறுத்த பலாப்பழத்தின் தோலையும் சுளையைச் சுற்றியிருக்கும் சடையையும் பெரியப்பா பைப்பின் வாயில் கை போகிற மட்டும் திணித்தேன். மூடியை இழுத்து விட்டு, எட்டு மணிக்காகக் காத்திருந்தேன்.

பெரியப்பா போட்ட சத்தம் சந்துக்கு இந்தப் பக்கம் கேட்டது. அப்பா ஓடிவந்து மூடியைத் திறந்தார். பலாச்சடை ஒவ்வொன்றாக வெளியே வந்தது. யார் செய்தது என்று விசாரிக்கவே வேண்டியிருக்கவில்லை. என் இரண்டு கையிலும் பலாப்பால் பிசுபிசுவென்று, மண்ணும் நாருமாக ஒட்டியிருந்தது. பெரியப்பா முன்னால் நிறுத்தி வைத்து அப்பா அடித்தார். நான் அழவில்லை. பெரியப்பாவையே முறைத்துக்கொண்டிருந்தேன். அவர் வீட்டு வாசலில் தண்ணீர் எட்டாத மேட்டு இடமாகப் பார்த்து நின்றிருந்தார்.

அப்போது அம்மா எங்கள் மக்கை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குள் போனாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பின்னாலேயே போய் எட்டிப் பார்த்தேன். கணுக்கால் தண்ணீரில் பெரியம்மா குந்தி மொண்டுகொண்டிருந்தாள்.

"நீ குனியாத புள்ள," என்று அம்மாவிடமிருந்து மக்கைப் பிடுங்கிக்கொண்டாள். "உங்க ஊட்ல எத்தன நாளா இப்படி?"

"ரெண்டு மாசமுங்கக்கா."

பெரியம்மா மக்கிலிருந்ததை வாளியில் ஊற்றினாள். பிறகு எழுந்து வாசலுக்கு வந்து மக்கைப் பெரியப்பாவிடம் நீட்டினாள். "ஏனுங்க, இந்தாங்க. மொண்டு ஊத்துங்க. இல்லீன்னா அந்தக் கொத்தனாருக்குப் போனப் போடுங்க."

பெரியப்பா போனை எடுத்தார்.

மறுநாள் கொத்தனார் எலுமிச்சம்பழத்தோடு வந்தார். பெரியப்பா பைப்பை இறக்கி, எங்களுடையதை ஏற்றி, பெண்டு போட்டுத் திருப்பினார். அரைநாள் வேலை. அந்த அரைநாள் வேலைக்குத்தான் அம்மா இரண்டு மாதம் மழையில் நடந்தாள். "மொதல்லயே ஒழுங்காப் பண்ணியிருக்கலாமில்ல," என்று பெரியப்பா அவரைத் திட்டினார். அந்த ஐப்பசியில் தம்பி நல்லபடியாகப் பிறந்தான்.

பெரியப்பாவை ஜெயித்துவிட்டேன் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் காலையில் மொண்டது பெரியம்மாதான், அவர் மாற்றிக் கட்டிய வேட்டியின் நுனிகூட நனையவில்லை என்பது எனக்கு உறைக்க, கல்யாணமாகி வந்த வீட்டில் ஓட்டை முதல்முறை கொளகொளத்தபோது, மொள்வதற்கு எல்லோரும் திரும்பி என்னைப் பார்க்க வேண்டியிருந்தது.