சிரிக்காத எட்டுப் பேர்

என் கையெழுத்து கோணலாக இருக்கும். பிழையும் நிறைய வரும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான், பொறுத்துக்கொண்டு படியுங்கள். இந்தக் கையெழுத்தை ஒரு வாத்தியார் பெற்றோர் கூட்டத்தில் தூக்கிப் பிடித்து, "பாருங்க, அப்பனுக்கும் பொண்ணுக்கும் ஒரே கிறுக்கல்" என்றார். கூட்டம் சிரித்தது. நான் என் செருப்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. ஆனால் மறக்கிற ஆள் இல்லை.

அவர் என் மகளின் நாலாம் வகுப்பு வாத்தியார். மகளுக்கு ஒன்பது வயது, ஆட்டிசம். பேச்சு கொஞ்சம்தான். சத்தம் அதிகமானால் இரண்டு கைகளையும் வேகமாக உதறுவாள். எல்லாப் பிள்ளைகளோடும் சேர்ந்து படிக்கட்டும் என்று திருவொற்றியூரிலேயே, எங்கள் தெருவுக்குப் பக்கத்துப் பள்ளியில் சேர்த்திருந்தோம். பக்கத்தில் உட்காரும் பெண்ணைப் பார்த்துப் பார்த்துத்தான் "தண்ணி" என்றும் "போதும்" என்றும் கேட்கக் கற்றுக்கொண்டாள். அந்த இடம் போனால் அந்தப் பேச்சும் போய்விடும் என்று எனக்குப் பயம்.

வாரத்தில் இரண்டு நாள் ஒரு சிறப்பு டீச்சர் வருவார். மகளுக்கு ஒரு அட்டை செய்து கொடுத்தார். மணி அடித்ததும் இடத்தில் உட்கார்ந்தால் வகுப்பு வாத்தியார் அதில் ஒரு ஸ்டார் ஒட்ட வேண்டும், கை தூக்கி உதவி கேட்டால் ஒரு ஸ்டார். ஐந்து சேர்ந்தால் குழாயடியில் கொஞ்ச நேரம் கையை நனைத்து விளையாடலாம். அவளுக்கு அதுதான் திருவிழா. என்னிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, பக்கத்துக்கு மூன்று கட்டம் போடச் சொன்னார். முன்னால் என்ன நடந்தது, அவள் என்ன செய்தாள், பின்னால் என்ன கிடைத்தது.

"பின்னாடி கிடைக்கிறதுதாங்க கூலி. கூலி கிடைக்கிற வேலையைத்தான் யாரா இருந்தாலும் திரும்பச் செய்வாங்க" என்றார்.

செல்போன் கேட்டு அவள் கத்தினால் கொடுக்காதீர்கள், கூலியை நிறுத்தினால் முதலில் சில நாள் கத்தல் கூடும், பிறகுதான் அடங்கும் என்றும் சொன்னார். அப்படியே நடந்தது. அதையெல்லாம் எழுதி வகுப்புக்குக் கொடுத்தனுப்பிய நோட்டைத்தான் வாத்தியார் கூட்டத்தில் தூக்கிப் பிடித்தார்.

நான் ஆட்டோ ஓட்டுகிறேன். விடியற்காலையில் காசிமேட்டிலிருந்து மீன்காரம்மாக்களின் கூடைகளை ஏற்றுவேன். பிறகு பினாயில் ஊற்றிக் கழுவிவிட்டுப் பள்ளிக்கூடச் சவாரி. என் மகளோடு அவள் வகுப்புப் பிள்ளைகள் எட்டுப் பேரும் வருவார்கள். ஒரு நாள் சாயங்காலம் அவர்களில் ஒருவன் பின்னாலிருந்து என் தோளைத் தட்டினான்.

"அங்கிள், இன்னிக்கு சாரு செம காமெடி. இவ கைய ஒதறிகினே இருந்தாளா? 'ஃப்ளைட் கெளம்பிடுச்சு, அல்லாரும் பெல்ட்டு போட்டுக்கங்கடா'ன்னு சொல்லி, சாரும் கைய ஒதறிக் காட்னாரு. சிரிச்சு சிரிச்சு வயிறே நோவுது."

"டெய்லி பண்றாரு அங்கிள்" என்றாள் இன்னொருத்தி.

மகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி இருந்தாள். அவளுக்குப் புரியவில்லை என்று வாத்தியார் நினைத்திருக்கலாம். எனக்கு அந்த நினைப்பு இல்லை.

வீட்டுக்கு வந்ததும் நோட்டில் புதுப் பக்கம் திருப்பினேன். மேலே மகள் பெயருக்குப் பதில் 'வாத்தியார்' என்று எழுதினேன். முன்னால்: அவள் கையை உதறுகிறாள். செய்தது: ஃப்ளைட். பின்னால்: பிள்ளைகள் சிரிக்கிறார்கள். மூன்றாவது கட்டத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்குக் கூலி அதுதான். அந்தக் கூலியைக் கொடுக்கிறவர்கள் தினமும் என் ஆட்டோவில்தான் வருகிறார்கள்.

பெரியவர்களிடம் எனக்குப் பேச வராது, பிள்ளைகளிடம் வரும். என் வண்டியில் பழைய ரப்பர் ஹாரன் இன்னும் இருக்கிறது. அதை அமுக்குவதென்றால் எட்டுப் பேருக்கும் உயிர். நான் யாரையும் தொட விட்டதில்லை. மறுநாள் சொன்னேன்: சார் ஃப்ளைட் விடும்போது யார் சிரிக்கவில்லையோ அவர்கள் போகும்போது மூன்று முறை அமுக்கலாம். சிரித்தவர்களை நான் திட்ட மாட்டேன். ஹாரன் மட்டும் கிடையாது.

அன்று சாயங்காலம் வண்டியில் ஒரே பஞ்சாயத்து.

"அங்கிள், இவன் பல்லைக் காட்னான்!"

"த்தூ, கொட்டாவி வுட்டேன்!"

"கொட்டாவிக்கு தோள் ஆடுமா நைனா?"

"அங்கிள், நான் சிரிப்பு வந்துச்சுன்னு தொடைய கிள்ளிகினேன். பாருங்க, செவந்து கீது."

கிள்ளிக்கொண்டவளுக்கு முதல் ஹாரன் கொடுத்தேன். ஒரு வாரத்தில் எட்டுப் பேரும் கல் மாதிரி ஆகிவிட்டார்கள். வகுப்பில் சிரிப்பை ஆரம்பிக்கிறதே இவர்கள்தான். இவர்கள் வாயை மூடியதும் மற்றவர்களும் திரும்பிப் பார்த்து அடங்கிவிட்டார்களாம். சார் முகம் வெளிறிப்போய் நின்றதைப் பிள்ளைகள் நடித்துக் காட்டினார்கள். பல வருஷத்துக்குப் பிறகு எனக்குச் சாப்பாடு ருசித்தது.

ஆனால் எனக்குச் சொல்லிக்கொடுத்ததில் பாதியைத்தான் நான் அந்த ஆளுக்குப் பொருத்திப் பார்த்திருந்தேன். கூலி நின்றதும் அவர் வேகத்தைக் கூட்டினார். ஒரு நாளைக்கு ஒரு தடவை விட்ட ஃப்ளைட் நாலு தடவை ஆனது. பெஞ்சு மேல் ஏறி நின்றுகூட விட்டார். யாரும் சிரிக்கவில்லை. கடைசியில் மகளின் அட்டையிலிருந்து அன்றைக்கு அவள் சேர்த்திருந்த நாலு ஸ்டாரையும் பிய்த்துத் தன் சட்டையில் ஒட்டிக்கொண்டு, "சார் இன்னிக்கு குட் பாய்" என்றார். அதற்கும் சிரிப்பு இல்லை. மகள் தன் மணிக்கட்டைக் கடித்துக்கொண்டு ஓடினாள். கேட்டைத் தாண்டி, கன்டெய்னர் லாரிகள் போகிற ரோட்டுக்கே போய்விட்டாள். வாட்ச்மேன் அவள் சட்டையைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

அன்று சாயங்காலமே தலைமை டீச்சர் கூப்பிட்டனுப்பினார். வாத்தியாரும் இருந்தார். "கிளாஸ்ல சும்மாத்தான் இருந்துச்சு. திடீர்னு எழுந்து ஓடிடுச்சு மேடம்" என்றார். ஆட்டோவுக்காகக் காத்திருந்த எட்டுப் பேரும் வாசலில் நின்றிருந்தார்கள். தொடையைக் கிள்ளிக்கொண்டவள் உள்ளே தலையை நீட்டினாள்.

"மிஸ், சார் அவ ஸ்டாரை பிச்சி சட்டைல ஒட்டிகினாரு. அதான் ஓடிட்டா. இன்னும் ஒண்ணு ஒட்டிகினு கீது பாருங்க."

வாத்தியார் குனிந்து தன் சட்டைப்பையைப் பார்த்தார். பையின் மடிப்பில் ஒரு மஞ்சள் ஸ்டார் இருந்தது. அவர் அதைக் கிள்ளி எடுத்த அந்த நிமிஷத்தை இன்றைக்கும் வேண்டும்போதெல்லாம் நினைத்துப் பார்த்துக்கொள்கிறேன்.

தலைமை டீச்சர் அவரை முறைத்தார். பிறகு என்னிடம், "ஒரு மாசம் பாக்கலாம். இன்னொரு தடவை கேட்டைத் தாண்டினா நீங்க வேற இடம் பாத்துக்கணும்" என்றார்.

சிறப்பு டீச்சரிடம் ஹாரன் விஷயத்தை ஒளிக்காமல் சொன்னேன். அவர் கொதித்துப்போனார்.

"முதல்ல கூடும்னு சொன்னேனா இல்லையா? அது உங்க பொண்ணு மேலதான் விழும்னு தோணலையா? ஒண்ணை எடுத்தா, பதிலுக்கு ஒண்ணு குடுக்கணும். அவர் நல்லது செய்யும்போது பசங்க சிரிக்கட்டும்."

"அந்தாளுக்கா? நானா?"

"உங்களுக்கு அவரைப் பழி வாங்கணுமா, பொண்ணு அங்க படிக்கணுமா?"

"ரெண்டும்" என்றேன்.

பிறகு ஹாரனுக்குப் புதுச் சட்டம் வந்தது. சார் ஸ்டார் ஒட்டினால் "தேங்க்ஸ் சார்" என்று கத்த வேண்டும். ஐந்து சேர்ந்தால் கை தட்ட வேண்டும். அதைச் சொல்லும்போது வேப்பெண்ணெய் குடித்தது போல இருந்தது. மூன்றே நாளில் வாத்தியார் பிடித்துக்கொண்டார். வாரக்கணக்கில் பட்டினி கிடந்தவர் அல்லவா? கை தட்டலுக்காக ஸ்டாரைத் தேடித் தேடி ஒட்டினார். மகளை முன் பெஞ்சில் உட்கார வைத்தார். அவள் கையை உதறினால் மற்றவர்களைச் சத்தம் போட வேண்டாம் என்றார். அந்த ஒரு மாதம் அவள் கேட்டுப் பக்கமே போகவில்லை. அடுத்த மாதமும் போகவில்லை.

ஆண்டு விழாவில் அவர் மைக்கைப் பிடித்து, "இந்த மாதிரி குழந்தைகளை அன்பாலதான் மாத்த முடியும்" என்றார். எட்டுப் பேரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். என் பக்கத்தில் இருந்தவர், "இப்படி ஒரு சார் கிடைக்கணுமே" என்றார். நான் தலையாட்டினேன். அவர் மனம் திருந்தினார் என்று நான் நம்பவில்லை. என் வண்டி ஹாரன்தான் அவரை நடத்தியது. அது தெரியாமலே அவர் மாலை போட்டுக்கொண்டு நின்றார். அன்றைக்கே கத்திச் சொல்லத் தோன்றியது. சொன்னால் கோபத்தை மகளிடம் காட்டிவிடுவார் என்று அடக்கிக்கொண்டேன்.

இன்றோடு நாலாம் வகுப்பு முடிந்தது. ஐந்தாம் வகுப்புக்கு வேறு டீச்சர். மகள் இனி அந்த ஆளின் கையில் இல்லை. அதனால் எழுதிவிட்டேன். இதன் ஜெராக்ஸ் ஒன்று நாளைக்குத் தபாலில் அவருக்குப் போகிறது.

ஏப்ரல் 16, புதன்கிழமை.