அடுத்து எங்கே போகிறீர்கள்?

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு டிராவல் ஏஜென்சியில் டிக்கெட் போட்டுத் தருவது என் வேலை. வீடு கிள்ளானில். பக்கவாதத்தில் படுத்துவிட்ட அம்மாவை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஊர் சுற்றப் பிடிக்கும்.

நோயாளிகளை வீட்டில் பார்த்துக்கொள்பவர்களுக்காகப் பங்சாரில் நடந்த ஒரு பயிற்சி வகுப்பிலும் என்னை இப்படித்தான் அறிமுகப்படுத்திக்கொண்டேன். "அடுத்து எங்க போறீங்க?" என்று பயிற்சியாளர் சிரித்தபடி கேட்டார்.

"காஷ்மீர். அம்மா கருமாதி முடிஞ்சதும்."

சொன்ன பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது. காலையில்தான் அம்மாவுக்கு டயப்பர் மாற்றிவிட்டு வந்திருந்தேன். பயிற்சியாளர் அவசரமாக அடுத்தவருக்குக் கைகாட்டினார்.

பக்கத்து நாற்காலி அக்கா எழுந்து, டயாலிசிஸில் இருக்கும் கணவரைக் கவனித்துக்கொள்வதாகச் சொன்னார். உட்கார்ந்ததும் மேசைக்கடியில் என் கையைப் பிடித்தார்.

"எனக்கு ஜப்பான் லா," என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி.

அந்தக் கை இல்லாவிட்டால் அன்று நான் வீட்டுக்குத் திரும்பியிருப்பேனா, தெரியாது.

மாலையில் கஞ்சி ஊட்டும்போது அம்மா குழறியபடி கேட்டார்: "கிளாஸ்ல என்ன சொன்னே?"

"உங்களப் பத்திதாம்மா சொன்னேன்."

அசையும் பாதி வாயால் அம்மா சிரித்தார். நான் அடுத்த கரண்டியை ஊதி ஆற்றினேன்.