பேசாத வீடியோ

செல்போனில் பேருந்து ஓட்டும் விளையாட்டைப் பதிவு செய்து இணையத்தில் ஏற்றுவது என் பழக்கம். கூச்சத்தால் நான் எதுவும் பேசுவதில்லை. அதனால் ஏற்றும் முன் ஒலியைக் கேட்டுப் பார்த்ததே இல்லை.

ஒரு நாள் பக்கத்து வீட்டு செல்வி வந்து, சிங்கப்பூரில் கணவருக்கு வேலை போய்விட்டது என்று அழுதாள். "மாமியாருக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டாங்கக்கா" என்றாள். நான் ஒரு காதில் இயர்போனோடு, தலையாட்டியபடி பேருந்தை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அன்றே அந்த ஆட்டத்தின் வீடியோவை ஏற்றினேன். மைக்கில் அவள் குரலும் பதிந்திருந்தது. என் வீடியோக்களைப் பார்க்கும் அவள் கொழுந்தன், கறம்பக்குடியிலிருந்து போன் செய்து மாமியாருக்குச் சொல்லிவிட்டார். மாமியார் சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

வீடியோவை அழித்துவிட்டு மன்னிப்புக் கேட்கப் போனேன். செல்வி திட்டவில்லை.

"அது தெரியாம நடந்ததுக்கா. ஆனா வீடியோவுல கேட்டேன், நான் அழுதுகிட்டிருக்கையில நீங்க ஹாரன் அடிச்சிருக்கீங்க" என்றாள்.

அதையும் தெரியாமல் செய்தேன் என்று என்னால் சொல்ல முடியவில்லை.