தகர அடுக்கின் கனம்

போன வாரம் சேரன்மகாதேவி ரோட்டில் ஒரு மண்டபத்தில் கல்யாண வரவேற்பு. பக்கத்து வீட்டுப் பையனுடையது, போகாமல் இருக்க முடியாது. மேடையில் கேக் பெட்டியைத் திறந்தார்கள். மூன்றாவது வரிசையில் இருந்த என் மூக்கில் வந்து அடித்தது வெனிலா எசன்ஸ் வாடை. பக்கத்தில் இருந்த அம்மாள் "என்ன மணம்!" என்று கண்ணை மூடினார். நான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். ஆறு வருஷம் அந்த வாடையில் கிடந்தவள் நான். தலைமுடியில் அது, சேலையில் அது, மத்தியானம் சோற்றைப் பிசைந்தால் சோற்றிலும் அது. பஸ்ஸில் உட்கார்ந்தால் பக்கத்துச் சீட்டுக் குழந்தை என் கையை மோந்து பார்க்கும்.

பாளையங்கோட்டையில் ஒரு பேக்கரியின் பின்னறையில் எனக்கு வேலை. முட்டை வெள்ளையையும் சீனிப்பொடியையும் அடித்து, எலுமிச்சம்பழம் பிழிந்து, பட்டர் பேப்பர் கூம்பில் அடைத்துக் கேக்கின் மேல் பூ போட வேண்டும். ரோஜா என்பார்கள். நான் போட்டால் முட்டைக்கோஸ் மாதிரி வரும். முதலாளி அண்ணாச்சி தள்ளி நின்று பார்ப்பார். "ஏ பிள்ள, இது ரோசாவா, பொரியலுக்கா?" என்பார். அவருக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை, எனக்கு வேறு வேலை கிடைக்கவில்லை. அப்படியே ஓடியது.

உங்களிடம் ஒரு தொழில் ரகசியத்தைச் சொல்கிறேன், இனி யாருக்கும் நஷ்டமில்லை. அந்த நாளில் நீங்கள் வாயைப் பிளந்து பார்த்த மூன்றடுக்குக் கேக்குகளில் பல வெறும் தகரம். வட்ட டின்னைக் கவிழ்த்து அதன் மேல் ஐசிங் பூசிவிடுவோம். காய்ந்தால் சுண்ணாம்புச் சுவர் மாதிரி இறுகிவிடும், தொட்டாலும் தெரியாது. அடி டின்னில் மட்டும் ஒரு பக்கம் உள்ளங்கை அகலத்துக்குத் தகரத்தை வெட்டி எடுத்திருக்கும். அந்த இடத்தில் அசல் கேக் துண்டைச் செருகி, பூசி மறைத்து, அடையாளத்துக்கு இரண்டு பூவைச் சேர்த்து வைப்பேன். பொண்ணும் மாப்பிள்ளையும் அங்கேதான் வெட்ட வேண்டும். இரண்டு விரல் தள்ளினால் கத்தி தகரத்தில் முட்டும். வந்தவர்களுக்குக் கொடுக்கிற கேக், தட்டு தட்டாக உள்ளறையில் தனியாக இருக்கும்.

ஆகவே கேக்கைக் கொண்டுபோய் வைப்பதோடு என் வேலை முடியாது. எங்கே வெட்டுவது என்று பொண்ணுக்குத் தெரிய வேண்டும். கூட்டம் கலையும்வரை நின்று டின்னைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். டின் இல்லாமல் போனால் அண்ணாச்சி கடைக்குள்ளேயே விடமாட்டார்.

திருச்செந்தூருக்கு அந்தப்பக்கம் ஒரு கடற்கரை ஊரிலிருந்து அமல்ராஜ் என்று ஒருவர் தங்கச்சி கல்யாணத்துக்குக் கேக் சொல்லியிருந்தார். மூன்று அடுக்கும் அசலாக வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்ன ஆள், கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் திரும்ப வந்து நின்றார்.

"தங்கச்சி, மேல் அடுக்கு மட்டும் அசலா இருக்கட்டும். கீழ ரெண்டும் தகரமாவே வச்சிரு" என்றார்.

படகு எஞ்சின் பழுதாகி, கேக்குக்கு வைத்திருந்த பணம் அதற்கே போய்விட்டதாம். சரி, ஊரில் நடக்காததா? ஆனால் மனுஷன் அதோடு விடவில்லை, அழுகிற மாதிரி நின்றார். விஷயம் இதுதான். நிச்சயத்தன்று மாப்பிள்ளையின் அக்கா எல்லோர் முன்னாலும், "தகரத்த வெட்டுத பழக்கம் எங்க குடும்பத்துல கிடையாது" என்று சொல்லியிருக்கிறாள். இவரும் ரோஷத்தில், "எங்களுக்கும் கிடையாது" என்று சொல்லிவிட்டார். யார் இவரைச் சொல்லச் சொன்னது?

"அப்போ பொண்ணுகிட்டயாவது சொல்லிரும். எங்க வெட்டணும்னு அவளுக்குத் தெரியணும்லா?" என்று கத்தினேன்.

"நான் சொல்லிக்கிடுதேன்."

கல்யாணத்தன்று பழைய அம்பாசிடரில் கிளம்பினோம். டின்கள் பின்சீட்டில் என் பக்கத்தில், அசல் கேக் என் மடியில். டிரைவர் சவரி அண்ணன். ஸ்ரீவைகுண்டம் தாண்டியதும் ரோடு முழுக்கப் பச்சை வேட்டி கட்டிய பாதயாத்திரைக் கூட்டம். காவடியும் வேலுமாக எங்களைத் தாண்டிப் போனார்கள். ஆமாம், அவர்கள்தான் எங்களைத் தாண்டிப் போனார்கள்.

"பைய போங்கண்ணே, பூ உதிருது."

"இதுக்கு மேல பையப் போனா பாளையங்கோட்டைக்குத்தான் போவோம், பிள்ள."

மாதா கோயில் பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல். மேடையில் மேசையின் நாலு காலையும் எறும்பு ஏறாமல் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தி, அடுக்கி முடித்தேன். கடல் காற்றுக்கு ஐசிங் வேர்க்கும். சீனிப்பொடியைத் துணியில் கட்டி, குழந்தைக்குப் பவுடர் போடுவது போல ஒற்றிக்கொண்டே இருந்தேன். இரட்டைப் பூவை மாப்பிள்ளை பொண்ணு நிற்கிற பக்கத்துக்கு நேராக வைத்தேன்.

கோயிலில் பூசை முடிந்து ஜோடி வந்தது. கூட்டம் நெருக்கியது. நான் ஓர் ஓரத்துக்குப் போய் நிமிர்ந்து பார்க்கிறேன், போட்டோக்காரர் கேக் பலகையைப் பிடித்துத் திருப்பிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்துப் பூ படத்தில் நன்றாக விழுமாம். இரட்டைப் பூ கடலைப் பார்த்துப் போய்விட்டது. பொண்ணு கையில் ரிப்பன் கட்டிய கத்தி.

அமல்ராஜைப் பிடித்தேன். "சொல்லிட்டீரா அவகிட்ட?"

மனுஷன் மணலைப் பார்த்தார். சொல்லவில்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. சீனிப்பொடி படிந்த சேலையோடு நேரே மேடையில் ஏறிப் பலகையைத் திருப்பினேன்.

"யாரும்மா நீ? படத்த மறைக்க!" போட்டோக்காரர் கத்தினார்.

"கேக்குக்கு மொகம் இருக்கு அண்ணாச்சி. நான் வச்ச பக்கந்தான் மொகம். நீரு ஒம்ம மிசின எடுத்துட்டு அங்கன போயி நில்லும்."

மாப்பிள்ளையின் அக்கா அருகிலேயே நின்றாள். "எந்தப் பக்கம் வெட்டுனா என்ன? எல்லாப் பக்கமும் கேக்குதான?"

எனக்குப் பொய் வராது. வந்தாலும் மூஞ்சி காட்டிக் கொடுத்துவிடும். பலகையைப் பிடித்த கையை மட்டும் எடுக்கவில்லை. பொண்ணு என்னைப் பார்த்தாள். பிறகு தன் அண்ணனைப் பார்த்தாள். அந்தக் குனிந்த தலையைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"இந்தக் கேக்குக்கார அக்கா சொல்லுத எடத்துலயே வெட்டுதேன் மைனி. செஞ்சவுகளுக்குத்தான தெரியும்?" என்றாள்.

இரட்டைப் பூவில் கத்தியை வைத்தாள். மாப்பிள்ளை அவள் கைமேல் கை வைத்தார். நல்ல பலசாலி, கொஞ்சம் அழுத்திவிட்டார். 'டங்' என்றது. பாண்டு வாத்தியச் சத்தத்தில் அது எங்கள் மூன்று பேருக்கு மட்டும்தான் கேட்டது. மாப்பிள்ளையின் கை அப்படியே நின்றது. பொண்ணின் முகத்தில் ரத்தம் இல்லை. ஒரு நிமிஷம்கூட இருக்காது. அவர் கத்தியைப் பைய வெளியே எடுத்து, ஒரு துணுக்கைக் கிள்ளி அவள் வாயில் வைத்தார். எல்லோரும் கை தட்டினார்கள்.

அவ்வளவுதான், தப்பித்தோம் என்று நினைத்தேன். வெட்டிக் கொடுப்பது போலப் பள்ளிக்கூட உள்ளறைக்குக் கொண்டுபோக, நான் மேல் அடுக்கை இறக்கிக்கொண்டேன். சவரி அண்ணன் நடு அடுக்கை எடுத்தார். எடுத்தவர் டீக்கடைத் தட்டு மாதிரி ஒற்றைக் கையில் ஏந்திக்கொண்டு நடந்துவிட்டார்!

மாப்பிள்ளையின் அக்கா அதைக் கண்ணாலேயே பின்தொடர்ந்தாள். "என்னய்யா, அம்புட்டு லேசாவா இருக்கு?"

"பழக்கம், தாயி" என்றார் சவரி அண்ணன், திரும்பாமலே.

"அடி அடுக்க நான் ஒரு கை பிடிக்கேன்" என்று அவள் மேசைக்கு வந்தாள்.

"விடுக்கா. ஒனக்கு இடுப்பு வலி" என்றார் மாப்பிள்ளை.

கோட்டும் மாலையுமாகக் குனிந்து அந்தத் தகரத்தைத் தூக்கினார். ஒரு குடம் தண்ணீர் கனம்கூட இருக்காது அது. முதுகை வளைத்தார், பல்லைக் கடித்தார், காலை அகட்டி அகட்டி வைத்தார். நடுவில் ஒரு தடவை நின்று மூச்சு வாங்கினார். "வழி விடுங்கவே, கை கழண்டுரும்" என்று கூட்டத்தை விலக்கினார். பொண்ணு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பின்னாலேயே வந்தாள். அழுதாளா சிரித்தாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

உள்ளறையில் டின்னை இறக்கி வைத்தார். இல்லாத வேர்வையைத் துடைத்தார். வாசலில் பேயறைந்த மாதிரி நின்ற அமல்ராஜைப் பார்த்தார்.

"மச்சான், நல்ல கனம்வே" என்றார்.

அமல்ராஜ் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பேக்கரி இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. டின்களை எடைக்குப் போட்டிருப்பார்கள். போன வாரம் மேடையில் இருந்தது ஐந்தடுக்குத் தெர்மாகோல். "சார், இந்தப் பீஸ் மட்டும்தான் ஒரிஜினல், இங்க கட் பண்ணுங்க" என்று மைக்கிலேயே சொன்னார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை. ஒரு விதத்தில் நல்லதுதான். எந்த அண்ணனும் மணலைப் பார்த்து நிற்க வேண்டாம். ஆனால் பெண் வீட்டாருக்காக அத்தனை பேர் முன்னால் வெறும் தகரத்துக்கு முதுகை வளைக்கிற மாப்பிள்ளையை இப்போது எங்கே போய்ப் பார்ப்பேன்? அதற்கு அவசியமே இல்லாமல் போய்விட்டது.